கலாத்தியர்: கீழ்த்திசைக்கு வந்த கெல்ட்டியர்

மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலத்தில் தொடர்ந்து சில ஞாயிறுகளில், திருப்பலியின் இரண்டாம் வாசகத்தைப் படிக்கச் செல்பவர், அது புனித சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று அறிவிக்கிறார். நாமும் அமர்ந்து கேட்கிறோம். உரோமையர் என்றால் உரோமை நகரத்தார், கொரிந்தியர் என்றால் கொரிந்து நகரத்தார், எபேசியர் என்றால் எபேசு நகரத்தார் என்பது நமக்குத் தெரியும். கலாத்தியர் எந்த நகரத்தார்? விவிலியத்தின் பின்பக்கத்தில் உள்ள படத்தில் தேடினால் அப்பெயரில் நகரம் ஏதும் இல்லை. நடு ஆசியா மைனரில் ஒரு பெரு நிலப்பரப்பின் குறுக்கே அப்பெயர் எழுதப்பட்டிருக்கும். அது ஊரின் பெயரன்று, ஓர் இனத்தின் பெயர். அந்த இனம் ஆசியாவில் தோன்றியதும் அன்று.

கலாத்தியர் கெல்ட் இனத்தார். பண்டைக் காலத்தில் இன்றைய பிரான்சு, பிரிட்டன், அயர்லாந்து முதலிய நாடுகளில் பரவி வாழ்ந்த மக்கள் அவர்கள். கெல்ட்டியர் என்போர் ஒரே அரசின் கீழ் வாழ்ந்த ஒரு நாட்டவர் அல்லர். தம்முள் உறவுடைய மொழிகளைப் பேசிய பற்பல குலங்கள். அவர்களை உரோமையர் 'கல்லி' என்றும், கிரேக்கர் 'கலாத்தாய்' என்றும் அழைத்தனர். நாம் கலாத்தியர் என்று சொல்வது அந்தக் கிரேக்கப் பெயரே. 1842-ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து கடல் கடந்து சென்னைக்கு வந்து பள்ளி தொடங்கிய பிரசென்டேஷன் சபை அருட்சகோதரியரைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அவர்கள் நாட்டின் பழமையான ஐரிஷ் மொழிக்கும் கலாத்தியர் பேசிய மொழிக்கும் மூலம் ஒன்றே. அப்படியாயின் ஐரோப்பாவின் மேற்குப் பகுதிக்குரிய ஓர் இனம், இன்றைய துருக்கி நாட்டின் நடுவே எப்படி வந்து சேர்ந்தது?

கி.மு. 280, 279 ஆகிய ஆண்டுகளில் கெல்ட்டியரின் பெருங்கூட்டங்கள் வடக்கிலிருந்து மக்கதோனியாவிற்குள்ளும் கிரேக்க நாட்டிற்குள்ளும் புகுந்தன. அவற்றுள் ஒன்று பிரென்னுஸ் என்பவன் தலைமையில் தெல்பி நகரின் புகழ்பெற்ற கோயில் வரை சென்று, தோற்று, கடுங்குளிரில் சிதறியது. அப்படையைப் பற்றி எழுதிய கிரேக்கராகிய பவுசானியாஸ் ஒரு சுவையான செய்தியைத் தருகிறார். கெல்ட்டியரின் குதிரை வீரன் ஒவ்வொருவனுக்கும் பின்னால் குதிரையேறிய பணியாட்கள் இருவர் நிற்பார்களாம். வீரன் விழுந்தால் ஒருவன் அவன் இடத்திற்கு வருவான். அவனும் விழுந்தால் மற்றவன் வருவான். இந்த மூவர் அணிக்கு அவர்கள் தம் மொழியில் இட்ட பெயர் 'திரிமார்க்கிசியா'. 'மார்க்கா' என்றால் குதிரை. 'திரி' என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திரித்துவம், திரிசூலம் என்று நாம் வழங்கும் சொற்களில் உள்ள வடமொழித் 'திரி'யும் இதுவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. இந்த ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்வோம்.

பிரென்னுசோடு போகாமல் முன்னரே பிரிந்துவிட்ட ஒரு கூட்டம் லெயோன்னோரியுஸ், லுத்தாரியுஸ் என்னும் இரு தலைவர்களின் கீழ்க் கிழக்கு நோக்கி நடந்து, ஆசியாவைப் பிரிக்கும் கடற்காலை அடைந்தது. அக்கரையில் பித்தினியா நாட்டு அரசன் நிக்கொமேதஸ் தன் சொந்தச் சகோதரனோடு போரிட்டுக்கொண்டிருந்தான். கூலிக்குப் போரிட அவனே இவர்களை அழைத்துக்கொண்டான். லுத்தாரியுசின் ஆட்கள் கைப்பற்றிய கலங்கள் ஐந்தே. அவற்றில் இரவும் பகலுமாகச் சில நாட்களில் தம் மக்கள் அனைவரையும் அக்கரை சேர்த்தனர். இது நடந்தது கி.மு. 278-இல். கடந்தோர் தொகை 20,000 என்றும், அவர்களுள் ஆயுதம் தாங்கியோர் 10,000 பேருக்கு மேல் இல்லை என்றும் உரோமை வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். மற்றப் பாதிப்பேர் யார்? பெண்களும் குழந்தைகளும் முதியோரும். வரலாற்று நூல்கள் இதைப் 'படையெடுப்பு' என்கின்றன. பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கடல் கடந்தவர்களுக்கு அது குடிபெயர்தலாகவே இருந்திருக்கும்.

ஆனால் அவர்களை ஏதுமறியாத அகதிகள் என்றும் சொல்லிவிட முடியாது. வந்த சில ஆண்டுகளிலேயே ஆசியா மைனரின் செல்வ நகரங்களைக் கொள்ளையடித்தனர். கொள்ளையடிக்காமலிருக்கக் கப்பம் பெற்றனர். சிரியா அரசன் முதலாம் அந்தியோக்கஸ் தன் 16 யானைகளை அவர்கள்மேல் ஏவினான். யானையைக் கண்டறியாத அவர்களின் குதிரைகள் மிரண்டு தம் படையையே மிதித்தன. அரசனோ, பதினாறு விலங்குகளால் அல்லவா உயிர் பிழைத்தோம் என்று நாணி, வெற்றிச் சின்னத்தில் யானையின் உருவத்தை மட்டும் பொறிக்கச் சொன்னானாம். பிறகு பெர்கமு நகர அரசன் அத்தாலுஸ் கப்பம் கட்ட மறுத்து அவர்களை வென்றான். அந்த வெற்றியின் நினைவாக எழுப்பப்பட்ட சிலைகளுள் ஒன்றின் பளிங்குப் படி இன்றும் உரோமையில், கப்பித்தோல் குன்றின் அருங்காட்சியகத்தில் உள்ளது. காயம்பட்ட கெல்ட் வீரன் ஒருவன் தன் கேடயத்தின்மேல் சாய்ந்து, தலைகவிழ்ந்து, இறந்துகொண்டிருக்கிறான். கழுத்தில் முறுக்குவளையம், மேலுதட்டில் மீசை. தோற்றவனை இத்தனை பரிவோடு செதுக்கியவர்கள் அவனை வென்றவர்கள் என்பதை எண்ணும்போது வியப்பாக உள்ளது. எனினும் அது வென்றவர்கள் செய்த சிலைதான். கலாத்தியர் தம்மைத் தாமே எப்படிச் செதுக்கியிருப்பார்கள் என்பதற்குச் சான்று இல்லை.

காலப்போக்கில் அவர்கள் நடு ஆசியா மைனரின் உலர்ந்த மேட்டு நிலத்தில், ஆலிஸ் ஆற்றை ஒட்டி, நிலைத்துக் குடியேறினர். அவர்களுள் மூன்று குலங்கள் இருந்தன. பெசினுஸ் நகரைச் சூழ்ந்து தோலிஸ்தோபோகியர். அங்கீரா நகரைச் சூழ்ந்து தெக்தோசாகர். ஆற்றுக்கு அப்பால் தாவியும் நகரைச் சூழ்ந்து துரோக்மியர். தெக்தோசாகர் என்னும் பெயருடைய குலம் தென் பிரான்சில் தூலூஸ் நகரப் பக்கத்திலும் இருந்தது. ஒரே குலத்தின் பெயர் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் நிற்கிறது. ஒவ்வொரு குலமும் நான்கு கூறுகளாகப் பிரிந்திருந்தது. கூறுக்கு ஒரு தலைவன், ஒரு நீதிபதி, ஒரு படைத்தலைவன், அவனுக்குக் கீழே இரு துணைவர் என்று ஒழுங்கு செய்திருந்தனர். பன்னிரு கூறுகளின் தலைவர்களோடு 300 பேர் கொண்ட ஓர் அவை 'துருநெமெத்தோன்' என்னும் இடத்தில் கூடும். புனிதக் கருவாலித் தோப்பு என்று அச்சொல்லுக்குப் பொருள் கூறுவர். மற்ற வழக்குகளைத் தலைவர்களும் நீதிபதிகளும் தீர்க்கலாம். கொலை வழக்கை மட்டும் அந்த அவையே விசாரிக்க வேண்டும். இதை எழுதி வைத்தவர் ஸ்த்ராபோ என்னும் நிலநூலாசிரியர். காட்டுமிராண்டிகள் என்று அண்டை நாட்டார் ஏசிய இம்மக்கள், ஓர் உயிரை எடுத்த குற்றத்தைத் தனி ஒருவனின் தீர்ப்புக்கு விட்டுவிடவில்லை.

இனி உரோமையர் வருகின்றனர். கி.மு. 189-இல் உரோமைத் தளபதி மான்லியுஸ் வுல்சோ கலாத்தியர்மேல் படை நடத்தினான். மூப்பர் மன்றத்தின் ஆணை இல்லாமல் அவன் இப்போரைத் தொடுத்தான் என்று பின்னர் உரோமையிலேயே அவனுடன் சென்றவர்கள் குற்றம் சாட்டினர். கலாத்தியர் தம் மனைவி மக்களுடன் ஒலிம்புஸ் என்னும் மலைமேல் அரண் செய்துகொண்டனர். (கிரேக்கக் கடவுளரின் மலை வேறு, இது அதே பெயருடைய ஆசிய மலை.) உரோமையர் நெருங்கிப் போரிடாமல் தூரத்திலிருந்தே அம்பும் கவண்கல்லும் எறிவேலும் மழையாகப் பொழிந்தனர். மலை வீழ்ந்தது. சிறைப்பட்டோர் ஏறத்தாழ 40,000 பேர் என்கிறார் லிவி. அவர்கள் போருக்குப் போவோரைப்போல் அல்லாமல் நாடு பெயர்வோரைப்போல் எல்லா வயதினரையும் உடன் கொண்டு வந்திருந்ததே இவ்வளவு பெரிய தொகைக்குக் காரணம் என்றும் சொல்கிறார். போரில் சிறைப்பட்டவர் அடிமையாவது அக்கால வழக்கம்.

அச்சிறைக்கூட்டத்தில் கியோமாரா என்னும் பெண் இருந்தாள். அவள் ஒர்த்தியாகோன் என்னும் தலைவனின் மனைவி. அவளைக் காவல் செய்த நூற்றுவர் தலைவன் ஒருவன், கைதியாகத் தன் பொறுப்பில் இருந்த அவளுக்குப் பெருங்கொடுமை இழைத்தான். இழைத்தபின் பேராசையும் அவனைப் பிடித்துக்கொண்டது. ஒரு தாலந்து பொன் தந்தால் அவளை விட்டுவிடுவதாகப் பேசி, அவளுடைய ஆள் ஒருவனையே தூதனுப்பினான். இரவு நேரம், ஓர் ஆற்றங்கரை, இருவருக்கு மேல் வரக்கூடாது என்பது ஏற்பாடு. உறவினர் இருவர் பொன்னுடன் வந்தனர். நூற்றுவர் தலைவன் அதை வாங்கி நிறுத்துப் பார்க்கத் தொடங்கினான். அவன் கண் துலாக்கோலில் இருந்தபோது கியோமாரா தன் மொழியில் ஒரு கட்டளையிட்டாள். வாளை உருவுங்கள், பொன்னை நிறுக்கும் இவனைக் கொல்லுங்கள் என்பதே அது. அவன் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். ஆயினும் அவனுக்கு அது வெறும் ஒலி. புரிய வேண்டிய இருவருக்குப் புரிந்தது.

அவள் அவனுடைய தலையைத் தன் ஆடையில் பொதிந்து எடுத்துக்கொண்டு கணவனிடம் போய்ச் சேர்ந்தாள். அவனைத் தழுவுமுன் அத்தலையை அவன் காலடியில் போட்டு, நடந்த கொடுமையையும் அதற்குத் தான் செய்த கைம்மாற்றையும் மறைக்காமல் சொன்னாள். இந்நிகழ்ச்சி நம் மென்மையான உள்ளங்களுக்குக் கடூரமாகத் தோன்றலாம். கொலையைப் போற்றுவது நம் நோக்கமன்று. ஆனால் அந்த இரவில் அவளுக்கு முறையிட ஒரு நீதிமன்றம் இல்லை. துருநெமெத்தோன் அவையின் அதிகாரம் உரோமைப் பாளையத்திற்குள் செல்லாது. பொலிபியுஸ் என்னும் கிரேக்க வரலாற்றாசிரியர் பிற்காலத்தில் சர்தை நகரில் அவளை நேரில் கண்டு உரையாடியதாகவும், அவளுடைய உள்ளத்தின் உயர்வையும் அறிவுத்திறனையும் கண்டு வியந்ததாகவும் குறிப்பு உள்ளது. லிவியோ அவள் கதையை முழுதும் சொல்லிவிட்டு, அவள் பெயரைச் சொல்லாமலே விட்டுவிட்டார். தலைவனின் மனைவி என்பதோடு சரி. அப்பெயரைக் காத்துத் தந்தவர் பெண்களின் வீரச் செயல்களைத் தனி நூலாகத் தொகுத்த புளூட்டார்க்.

அதே நூலில் கம்மா என்னும் கலாத்தியப் பெண்ணின் கதையும் உண்டு. தன் கணவனைக் கொன்று தன்னை மணக்க வந்தவனோடு, பாலும் தேனும் கலந்த நஞ்சை ஒரே கிண்ணத்தில் அருந்தி அவள் உயிர்விட்டாள். ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் இக்கதையை நாடகமாக்க, அது 1881-இல் இலண்டனில் நடிக்கப்பட்டது. நமக்கு இதைவிட நெஞ்சைத் தொடுவது, கலாத்தியப் பெண்ணல்லாத ஒருத்தியின் செயல். கி.மு. 86-இல் போந்து நாட்டு அரசன் மித்ரிதாத்தஸ் கலாத்தியத் தலைவர்களை வஞ்சகமாக வரவழைத்துக் கொன்றபோது, அவர்களுள் ஒருவனின் உடல் பெர்கமு நகரில் அடக்கமின்றிக் கிடந்தது. அவனை அறிந்திருந்த அந்நகரத்துப் பெண் ஒருத்தி உயிருக்கு அஞ்சாமல் அவ்வுடலை அடக்கம் செய்ய முற்பட்டுக் காவலரிடம் பிடிபட்டாள். அவளது இளமையையும் துணிவையும் கண்டு மனமிளகிய கொடுங்கோலன், உடலை முறைப்படி அடக்கம் செய்ய அவளை விட்டுவிட்டானாம்.

நிற்க. மித்ரிதாத்தசின் கொடுமையால் கலாத்தியர் உரோமையோடு ஒட்டிக்கொண்டனர். தப்பிய தலைவர்களுள் தெயோத்தாருஸ் என்பவன் உரோமையரின் நம்பிக்கைக்குரிய நண்பனாகி அரசனும் ஆனான். தன் வீரரை உரோமை முறைப்படி பயிற்றினான். பின்னாளில் அப்படையே உரோமையின் 22-ஆம் லெகியோனாகி அவன் பெயரைத் தாங்கியது. அவன் மூத்த வயதில், சீசரைக் கொல்லச் சதி செய்தான் என்று சொந்தப் பேரனே குற்றம் சாட்ட, கி.மு. 45-இல் உரோமையில் சீசரின் முன்னிலையில் அவனுக்காக வாதாடியவர் சிசரோ. தெயோத்தாருஸ் பறவைச் சகுனம் பாராமல் எதையும் செய்யமாட்டானாம். ஒருமுறை கழுகு பறந்த திசை கண்டு பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பினான். அவன் தங்கவிருந்த அறை மறுநாள் இரவு இடிந்து விழுந்தது என்று சிசரோ எழுதுகிறார். கழுகுக்கு நன்றி சொல்வதா, கொத்தனாரைக் குறை சொல்வதா என்பதை வாசகர் முடிவுக்கே விடுவோம்.

கடைசி அரசன் அமிந்தாஸ் கி.மு. 25-இல் மலைவாசிகளோடு செய்த போரில் இறந்ததும், அகுஸ்துஸ் சீசர் அந்நாட்டைக் கலாத்தியா என்னும் உரோமை மாநிலமாக்கினார். கிறிஸ்து பிறப்பு இரவில் மக்கள் தொகைக் கணக்குக்குக் கட்டளையிட்டவர் என்று நற்செய்தியில் நாம் ஆண்டுதோறும் கேட்கும் அதே அகுஸ்துஸ்தான். குலங்களின் பெயர்களும் இனி அவர் பெயரோடு சேர்த்தே வழங்கலாயின. அங்கீராவில் அவருக்கும் உரோமை தேவிக்கும் ஒரு கோயில் எழுந்தது. அங்கீரா என்பது இன்றைய அங்காரா, துருக்கியின் தலைநகர். கோயிலின் சுவர்கள் ஹாஜி பைராம் பள்ளிவாசலை ஒட்டி இன்றும் நிற்கின்றன. அகுஸ்துஸ் தம் வாழ்நாளில் செய்தவற்றைத் தாமே எழுதிய நீண்ட அறிக்கை அச்சுவர்களில் வெட்டப்பட்டுள்ளது. உரோமையில் இருந்த மூலம் அழிந்துவிட்டது. உலகில் மிகுந்த முழுமையோடு எஞ்சியிருப்பது அங்கீராவில் உள்ள படியே. உரோமையின் பேரரசர் சொன்னதை உரோமை இழந்துவிட, கலாத்தியரின் ஊர்ச்சுவர் காத்து வைத்திருக்கிறது.

அச்சுவரில் அறிக்கை இலத்தீனிலும் கிரேக்கத்திலும் உள்ளது. அந்நாட்டு மக்களின் மொழியில் இல்லை. அதே கோயிலில் பூசகராகப் பணியாற்றியோரின் பட்டியல் ஒன்றும் வெட்டப்பட்டுள்ளது. இன்னார் ஊருக்கு விருந்தளித்தார், இன்னார் எண்ணெய் வழங்கினார், இன்னார் வாட்போர்க் காட்சி நடத்தினார் என்று கிரேக்கத்தில் அது செல்கிறது. நடுவே, அத்தெபோரிக்சின் மகன் அல்பியோரிக்ஸ் என்றொரு பெயர்! 'ரிக்ஸ்' என்பது கெல்ட் மொழியில் அரசன். நம் 'ராஜ' என்னும் சொல்லுக்கு உறவு. அருகிலேயே அமிந்தாஸ் அரசனின் மகன் பிலைமெனஸ். அது கெல்ட் பெயரே அன்று. பெரிய வீட்டுப் பிள்ளைகள் கிரேக்கத்தில் எழுதவும் உரோமையர்போல் விருந்து வைக்கவும் பழகிக்கொண்டனர். யாரும் அவர்கள் நாவை அறுத்துவிடவில்லை. சந்தையிலும் வயலிலும் பழைய மொழி இருந்துகொண்டுதான் இருந்தது; கல்லில் வெட்டத் தக்கது அதுவென்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே. கலாத்திய மொழியில் எழுதிய கல்வெட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.

இந்த மாநிலத்திற்குத்தான் கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புனித சின்னப்பர் வந்தார். அவர் திருமுகம் எழுதியது வடக்கே இருந்த கெல்ட் குலத்தாருக்கா, அல்லது அதே மாநிலத்தின் தெற்கே அவர் முதற்பயணத்தில் போதித்த அந்தியோக்கியா, இக்கோனியா, லீஸ்திரா, தெர்பை நகரத்தாருக்கா என்பதில் மறைநூல் வல்லுநர் இரு பிரிவாக நிற்கின்றனர். மாநிலத்தின் பெயரால் அழைத்தால் இருசாராரும் கலாத்தியரே. தெற்கிலும் மக்கள் வீட்டு மொழியை விடவில்லை என்பதற்குத் திருத்தூதர் பணிகள் நூலே சான்று. லீஸ்திராவில் முடவன் நடந்ததைக் கண்டதும் கூட்டத்தார் லிக்கவோனிய மொழியில் கூவி, தெய்வங்களே இறங்கி வந்தன என்று பலியிடக் காளைகளைக் கொண்டுவந்தனர். அவர்கள் கூவியது புரிந்திருந்தால் திருத்தூதர்கள் முன்னரே தடுத்திருக்கமாட்டார்களா என்று எண்ணத் தோன்றுகிறது.

திருமுகம் பெற்றவர் எவராயினும், அதில் உள்ள சூடு வேறு எந்தத் திருமுகத்திலும் இல்லை. வழக்கமான நன்றியுரைகூட இல்லாமல் நேரே கண்டிப்பில் தொடங்குகிறார் திருத்தூதர். தாம் நோயுற்று வந்தபோது அவர்கள் தம்மை வெறுக்காமல் வானதூதரைப்போல் ஏற்றதையும், முடிந்தால் கண்களையே தோண்டிக் கொடுத்திருப்பார்கள் என்பதையும் நினைத்து உருகுகிறார். அப்படிப்பட்டவர்கள் கிறிஸ்துவைப் பெற்றபின் மோசேயின் சட்டங்களும் இருந்தால்தான் மீட்பு நிறைவாகும் என்ற போதனைக்குச் செவிசாய்த்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை, குடிமகன், ஆண், பெண் என்ற வேற்றுமை இல்லை என்று அவர் எழுதியது இத்திருமுகத்தில்தான். விடுதலை என்னும் சொல்லையும் அடிமைத்தனம் என்னும் சொல்லையும் மீண்டும் மீண்டும் கையாள்கிறார். நாற்பதாயிரம் பேர் ஒரே நாளில் சிறைப்பட்ட கதை தாத்தா பாட்டி வழியாக வழங்கிய ஒரு நாட்டில் அச்சொற்கள் எப்படி ஒலித்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

கண்டிப்பின் நடுவே திருத்தூதர் அவர்களை அறிவில்லாதவர்கள் என்று சொல்லிவிட்டார். அது அவர்கள்மேல் முத்திரைபோல் நின்றுவிட்டது. ஆனால் நான்காம் நூற்றாண்டின் தெமிஸ்தியுஸ் என்னும் பேச்சாளர் நேர்மாறாகச் சொல்கிறார். கலாத்தியர் கூர்மதியினர், விரைந்து கற்பவர்கள், கற்றறிந்த ஒருவரின் மேலாடையைக் கண்டால் போதும், காந்தத்தை இரும்பு பற்றுவதுபோல் பற்றிக்கொள்வார்கள் என்பது அவர் தந்த சான்றிதழ். அதே நூற்றாண்டில் இன்னொரு செய்தியும் உண்டு. அதை மறைப்பது முறையன்று. கோத்தியர்மேல் படையெடுக்கும்படி யூலியான் பேரரசனிடம் சிலர் சொன்னபோது, அவர்களுக்குக் கலாத்திய வணிகரே போதும், எங்கும் கொண்டுபோய் விற்றுவிடுகிறார்களே என்று அவன் விடையளித்தானாம். சிறைப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அடிமை வணிகராகவும் இருந்தனர்.

கி.பி. 386 அளவில் பெத்லகேமில் இருந்த புனித எரோணிமுஸ் இத்திருமுகத்திற்கு விளக்கவுரை எழுதினார். அவ்வுரை புனித பவுலா, அவர் மகள் புனித யூஸ்தோக்கியம் ஆகிய இருவருக்கும் எழுதப்பட்டது. உரோமையின் உயர்குடியில் பிறந்து, செல்வத்தை விட்டுத் துறவு பூண்டு, எபிரேய மொழி கற்றுத் திருப்பாடல்களை எபிரேயத்திலேயே பாடிய பெண்மணிகள் அவர்கள். கலாத்தியர் யார் என்னும் நம் கேள்வியே அவர்களுக்கும் எழுந்ததோ என்னவோ, எரோணிமுஸ் அதற்கும் விடை சொல்கிறார். கீழ்த்திசை முழுவதும் வழங்கும் கிரேக்கத்தைத் தவிரக் கலாத்தியருக்குச் சொந்த மொழி ஒன்று உண்டு. அது ஏறத்தாழத் திரெவேரி குலத்தார் பேசும் மொழியே என்கிறார். திரெவேரி குலத்தாரின் நகர் இன்று ஜெர்மனியில் உள்ள திரியர். அங்கீராவிலிருந்து அதற்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல். கடல் கடந்து 660 ஆண்டுகளுக்குப் பிறகும் உறவு தெரியும்படி அம்மொழி வாழ்ந்திருக்கிறது!

இதை எரோணிமுஸ் பழைய நூல் எதிலிருந்தாவது எடுத்து எழுதியிருப்பார் என்று ஐயுறும் அறிஞர் உண்டு. ஆனால் அவர் இளமையில் திரியரில் தங்கியவர்; கீழ்த்திசைக்கு வந்தபோது கலாத்தியா வழியே பயணம் செய்தவர். இரு ஊர்ப் பேச்சும் அவர் காதில் விழுந்திருக்க வாய்ப்புண்டு. மேலும் அவர் சொற்களில் மிகுந்த கருத்துடையவர். விவிலியத்தை இலத்தீனில் தந்தவரின் காதை நாம் நம்பலாம் என்றே தோன்றுகிறது.

அதற்குப் பின்னும் ஒருமுறை அம்மொழி பேசப்பட்ட செய்தி உண்டு. யூதேயப் பாலைவனத்தில் புனித யூத்திமியுஸ் நிறுவிய துறவு மடத்தில் கலாத்தியாவிலிருந்து வந்த துறவி ஒருவர் இருந்தார். அவர் தீய ஆவியின் தொல்லைக்கு உட்பட்டு நாவு கட்டுண்டு பேச்சிழந்தார். மிகவும் வற்புறுத்தினால் மட்டும் பேசினார். அப்போதும் கலாத்திய மொழியில் மட்டுமே பேசினார். மடத்தில் நாள்தோறும் பேசியிருக்கக்கூடிய கிரேக்கம் அவருக்கு வரவில்லை; தாயிடம் கற்றதே வந்தது. ஆறாம் நூற்றாண்டில் சிரில் என்னும் துறவி இதனை எழுதி வைத்தார். அவர் எழுதியது கிரேக்கத்தில். அந்தக் கலாத்தியத் துறவி தம் மொழியில் என்ன சொன்னார் என்பதை அவர் குறிக்கவில்லை.